வரலாறு படித்தவருக்கு நிதித்துறையில் இடம் உண்டா?

கேள்வி: முதுகலை வரலாறு முடித்திருக்கிறேன். முதலீட்டு வங்கியிலோ பங்கு ஆய்விலோ சேர விரும்புகிறேன். "கணக்குப் படிக்காத பிள்ளையை யார் எடுப்பார்கள்?" என்கிறார் விசைத்தறி ஓட்டும் அப்பா. வழியுண்டா?
– வாசகி, சோமனூர்

பதில்: வழியுண்டு, ஆனால் சுற்றுவழி. நிறுவனங்களுக்கு மூலதனம் திரட்டித் தரும் முதலீட்டு வங்கிகள் புதியவர்களைப் பெரும்பாலும் ஐ.ஐ.எம். போன்ற மேலாண்மைக் கல்லூரி வளாகங்களிலேயே தேர்ந்தெடுப்பதால், முதுகலைப் பட்டத்தை மட்டும் காட்டி அங்கே நுழைவது மிகக் கடினம். அந்த வளாகங்களில் சேர்வதற்கான கேட் (CAT) தேர்வையோ, முதலீட்டு ஆய்வுத் துறைக்கான, மூன்று நிலைகள் கொண்ட சி.எஃப்.ஏ. (CFA) தேர்வையோ எந்தத் துறைப் பட்டதாரியும் எழுதலாம். பின்னதற்குக் கட்டணம் டாலரில் என்பதால், வீட்டில் கலந்து பேசிய பிறகே பதிவு செய்யுங்கள்.

உங்களுக்கு நான் பரிந்துரைப்பது பங்கு ஆய்வு; அதாவது, ஒரு நிறுவனத்தின் கணக்குகளை ஆராய்ந்து அதன் பங்கை வாங்கலாமா என்று சொல்லும் வேலை. ஆவணங்களை ஒப்பிட்டு, எது விடுபட்டிருக்கிறது என்று தேடப் பழகிய கண் அங்கே உண்மையிலேயே பயன்படும். நூற்பு இயந்திரங்கள் தயாரிக்கும் கோவை எல்.எம்.டபிள்யூ. நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் லாப நட்டக் கணக்கையும் பணப்புழக்க அறிக்கையையும் அருகருகே வைத்துப் படியுங்கள். நெய்த துணியை ஒப்படைத்த பின்னும் கூலி கைக்கு வர அப்பா காத்திருந்ததைப் பார்த்திருப்பீர்கள். விற்பனை பதிவாகும் நாளுக்கும் பணம் வரும் நாளுக்கும் இடையிலான அதே இடைவெளியை அங்கேயும் காண்பீர்கள். கண்டதை இரண்டு பக்கங்களில் எழுதி, விண்ணப்பத்துடன் இணைத்து அனுப்புங்கள்.