அப்பாயியின் முதலாம் ஆண்டு: நினைவு மலரும் அன்னதானமும் எப்படிச் செய்வது?

கேள்வி: மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் பால் மரம் (ரப்பர்) வெட்டி வளர்ந்த குடும்பம் எங்களுடையது. கோயில், விரதம், தானம் என்றே வாழ்ந்த எங்கள் அப்பாயி (அப்பாவின் அம்மா) போன ஆண்டு 86 வயதில் இறந்தார். முதலாம் ஆண்டுக்கு ஒரு சின்ன நினைவு மலரும் 200 பேருக்கு அன்னதானமும் செய்ய நினைக்கிறோம். எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில்:

முதலில் நாளை முடிவு செய்யுங்கள். ஆங்கிலத் தேதிக்கு மண்டபத்தை எடுத்துவிட்டுப் பிறகு ஐயரைக் கேட்டால், திதி பத்து நாள் முன்னேயோ பின்னேயோ போய் நிற்கும். இறந்த தமிழ் மாதம், வளர்பிறையா தேய்பிறையா, என்ன திதி என்ற மூன்றும்தான் கணக்கு. ஒரே மாதத்தில் அதே திதி இரண்டு முறை வந்தால் பின்னதை எடுப்பது வழக்கம். தமிழ்நாட்டுப் பஞ்சாங்கத்தைப் பார்க்கிறவர்கள் அதில் உள்ள நேரத்தோடு இரண்டரை மணி கூட்ட வேண்டும். தாத்தாவின் திதியையும் சேர்த்துப் பார்க்கிறீர்களா? அவர் 1982க்கு முன் தவறியிருந்தால் இரண்டு மணிதான் கூட்ட வேண்டும், அப்போது நம் கடிகாரம் இப்போதையதைவிட அரை மணி பின்னால் ஓடியது. திதி விளிம்பில் விழுந்தால் இந்த அரை மணியில் நாளே மாறிவிடும்.

தோட்டத்து மாரியம்மன் கோயில்களில் பெரும்பாலும் பிதுர் காரியம் செய்ய விடமாட்டார்கள். காலையில் வீட்டிலோ ஆற்றங்கரையிலோ திதி கொடுத்துவிட்டு, தலை முழுகி, அதன் பிறகு கோயில் மண்டபத்தில் அன்னதானம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். கோயில் தலைவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் கடைசி நேரத்தில் முகம் சுளிக்கிற வேலை இருக்காது.

மலருக்கு வருவோம். ‘அன்பே உருவானவர்’, ‘பக்திப் பழம்’, ‘கொடை வள்ளல்’ என்று எழுதி நிரப்பிய மலர்கள் நம் வீடுகளில் நிறையவே கிடக்கின்றன. பெயரை மாற்றினால் எந்தப் பாட்டிக்கும் பொருந்தும். ஆளைக் காட்டுவது அளவும் பொருளும்தான். அதனால் பழைய ஆட்களைப் பார்க்கப் போகும்போது “பாட்டி எப்படிப்பட்டவங்க?” என்று கேட்காதீர்கள், “ரொம்ப நல்லவங்க” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். “அரிசி கொடுத்தா எதுல அளப்பாங்க?” என்று கேளுங்கள். கெட்டிப்பால் டின்னா, மைலோ டின்னா, தலையைத் தட்டிக் கொடுப்பாரா, குவித்துக் கொடுப்பாரா என்று பேச்சு ஓடும். ஒரு கெட்டிப்பால் டின் அரிசி ஏறக்குறைய கால் கிலோ. சம்பளத்துக்கு முந்திய வாரத்தில் நான்கு டின் கொடுத்தார் என்றால், தன் வீட்டு உலையிலிருந்து ஒரு கிலோவை எடுத்துக் கொடுத்திருக்கிறார் என்று பொருள். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பெயர் கூப்பிடும் இடத்துக்கு, போகிறவர் விளக்கேற்றியது எத்தனை மணிக்கு? வெள்ளிக்கிழமை ஒரு வேளையா, முழுப் பட்டினியா? விரத நாளிலும் காண்டாவில் (தோள் கம்பில்) ரப்பர் பால் தூக்கினாரா? தைப்பூசத்துக்குப் போக வண்டிச் செலவை எப்படிச் சேர்த்தார்? இப்படிப் பத்துக் கேள்வி போதும். லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) பக்கத்து வீட்டில் இருந்தவர்கள் இப்போது எந்தத் தாமானில் (குடியிருப்பில்) இருக்கிறார்கள் என்று விசாரித்து, போன் செய்துவிட்டுப் போங்கள். அந்த வயதில் பலருக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் இருக்கும்.

தாள்களை அப்படியே நம்ப முடியாது. அடையாள அட்டை முறை வந்தது 1948இல். பிறப்புப் பத்திரம் இல்லாதவர்களுக்கு வயதைக் கண்ணால் பார்த்துக் குத்துமதிப்பாக எழுதிய கதை நிறைய உண்டு. பெயரும் கிராணியின் (எழுத்தரின்) காதில் விழுந்தபடிதான் இருக்கும். லெட்சுமி என்ற பெயர் ஒரு தாளில் லெச்சிமி, இன்னொன்றில் லட்சமி என்று வரும். ஆனால் அட்டையில் பெண்ணுக்குத் தகப்பன் பெயர்தான் ஒட்டியிருக்கும், கணவன் பெயர் அல்ல. பூட்டன் பெயர் யாருக்கும் நினைவில்லை என்றால் அங்கே பாருங்கள். பன்னிரண்டு இலக்க எண்ணில் ஏழாவது, எட்டாவது இலக்கம் 08 என்றால் பேராக்கில் பிறந்ததாகப் பதிவு.

ஆண்டு தெரியாத சம்பவங்களை ஊர் நினைவோடு முடிச்சுப் போடுங்கள். உங்கள் வட்டாரத்துக்கு ஒரு நல்ல அடையாளக்கல் இருக்கிறது. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், அதையொட்டித்தான் கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் வந்தது. “துரையைச் சுட்டதுக்கு முன்னயா பின்னயா?” என்று கேட்டால் பெரியவர்கள் தயங்காமல் சொல்வார்கள். அதற்கு முந்தியது ஜப்பான்காரன் காலம், பிந்தியது சுதந்திரம். 1960இல் ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவர் சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிய புத்தகம் டிரங்குப் பெட்டியில் இருக்கிறதா என்றும் பாருங்கள். துண்டாடலில், அதாவது பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றதில், தோட்டம் கைமாறிக்கொண்டிருந்த நேரத்தில் அப்பாயி பணத்தை எங்கே போட்டார் என்பதை அது காட்டும்.

தானத்துக்கு ரசீதைவிடப் பாத்திரம் நல்ல சாட்சி. கோயில் மடப்பள்ளியில் பழைய அலுமினியக் குண்டான்களைக் கவிழ்த்துப் பாருங்கள். விளிம்புக்குக் கீழே ஆணியால் குத்திக் குத்திப் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருப்பார்கள். கரி ஏறி மறைந்திருந்தால் எலுமிச்சைத் தோலில் உப்பைத் தொட்டு மெதுவாகத் தேய்த்து, வெளிச்சத்தைப் பக்கவாட்டில் காட்டிப் படம் எடுத்தால் எழுத்து நிழலோடு எழும்பி வரும். நேர் ஃபிளாஷ் போட்டால் வெள்ளைத் திட்டுதான் கிடைக்கும். அந்த ஒரு படத்துக்கு ஒரு முழுப் பக்கமே கொடுக்கலாம்.

கொடுத்ததை எழுதுங்கள், வாங்கியவர் பெயரை எழுதாதீர்கள். எந்தப் பிள்ளையின் பரீட்சைக் கட்டணம், யார் வீட்டுக் கருமாதிக்கு அரிசி என்று அச்சில் போட்டால், அந்தக் குடும்பம் அன்றைக்கு இலையில் உட்கார்ந்து சாப்பிட முடியாது.

படங்களை 600 டிபிஐயில், கறுப்பு வெள்ளையாக இருந்தாலும் வண்ணத்திலேயே ஸ்கேன் செய்யுங்கள். ஒட்டும் ஆல்பத்தில் பிடித்துக்கொண்ட படத்தைப் பிய்க்க வேண்டாம், தாளோடு சேர்த்தே எடுக்கலாம். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். நடுவில் பின் அடிக்கும் மலரின் பக்கங்கள் நான்கின் மடங்காக இருக்க வேண்டும். பதினாறு தாராளம். பழைய எழுத்துரு வைத்திருக்கும் அச்சகத்தில் யூனிகோட் தமிழ் சில நேரம் கொம்பும் காலும் இடம் மாறிவிடும். மெய்ப்பைத் தாளில் வாங்கி, தமிழ் படிக்கிறவர் ஒருவர் சத்தமாகப் படித்த பிறகே சரி சொல்லுங்கள்.

200 பேர் சாப்பாட்டுக்கு அரிசி ஆளுக்கு 110 கிராம் வீதம் 22 கிலோ, கைக்காவலுக்கு 24 வாங்குங்கள். ஒரே குண்டானில் எட்டுக் கிலோவுக்கு மேல் போட்டால் அடி பிடித்து மேலே நறுக்கரிசியாக நிற்கும், மூன்றாகப் பிரித்து வடியுங்கள். சாம்பாருக்குத் துவரம் பருப்பு 6 கிலோ, காய் 10 கிலோ. பருப்பு குழைவதற்குள் புளி ஊற்றினால் அப்புறம் எவ்வளவு எரித்தாலும் வேகாது. பொரியல், கூட்டு இரண்டுக்கும் தலா 16 கிலோ காய். பாயசம் 20 லிட்டருக்கு ஜவ்வரிசி ஒன்றரைக் கிலோ, சேமியா ஒரு கிலோ, சீனி 3 கிலோ, தேங்காய்ப்பால் 5 லிட்டர். தேங்காய்ப்பாலை அடுப்பை அணைத்த பிறகே ஊற்றுங்கள், கொதித்தால் திரிந்து எண்ணெய் பிரியும். ஜவ்வரிசி நேரம் ஆக ஆகக் கெட்டியாகும், பந்தி முடிகிறவரை சுடுதண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும். இலை பத்தில் ஒன்று கிழியும் என்று வைத்து 225 சொல்லுங்கள்.

மிஞ்சியதைத் தாப்பாவ் (வீட்டுக்கு எடுத்துப்போகும் பொட்டலம்) கட்டுகிறவர்கள் சூட்டோடு மூடிவிடுவார்கள். உள்ளே வேர்த்துச் சாயங்காலத்துக்குள் புளித்துப் போகும். பத்து நிமிடம் திறந்து வைத்துக் கட்டுங்கள். நடக்க முடியாமல் வீட்டிலேயே இருக்கும் பழைய தோட்டத்து ஆட்களுக்கு முதல் பந்திக்கு முன்பே தனியாக எடுத்து வைத்து, பொட்டலத்தோடு மலர் ஒன்றையும் கொடுத்தனுப்புங்கள்.