அலை உடையாத இடம் பாதுகாப்பான இடமா? கடல் குளியல் கேள்வி பதில்

பல வருடங்களாகக் கடலில் நீச்சல் கற்றுக்கொடுக்கிறேன். வந்திருக்கும் கேள்விகளுக்கு அந்த அனுபவத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

கேள்வி: பிள்ளைகளோடு போகிறோம் அண்ணா. அலை அடிக்காத இடமாகப் பார்த்து இறங்கினால் பயமில்லைதானே?

பதில்: இல்லைங்க, பலரும் ஏமாறுவது இங்கேதான். இரண்டு பக்கமும் வெள்ளை நுரையோடு அலை உடையும். நடுவில் ஒரு பட்டை மட்டும் கருத்து, சலனமில்லாமல் கிடக்கும். கரையேறிய தண்ணீர் கடலுக்குத் திரும்பும் பாதை அது. அடியில் பள்ளம் இருப்பதால் அங்கே அலை உடைவதில்லை. இழுப்பு கடுமையாக இருந்தால் நொடிக்கு 2.4 மீட்டர் வரை போகும். ஒலிம்பிக் வீரரே எதிர்த்து நீந்தித் தாக்குப்பிடிக்க முடியாத வேகம் அது. இறங்கும் முன் மேடான இடத்தில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். நுரையோ கலங்கிய மணலோ கடல் பக்கம் போய்க்கொண்டிருந்தால் அங்கே கால் வைக்காதீர்கள்.

கேள்வி: தெரியாமல் மாட்டிக்கொண்டால்?

பதில்: அந்த நீரோட்டம் ஆளை அடியில் அமுக்காது, வெளியேதான் கொண்டுபோகும். கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுக் களைத்துப் போவதில்தான் உயிர் போகிறது. முதலில் மல்லாந்து, காது நனையும்படி தலையைச் சாய்த்து மிதந்து மூச்சை நிதானத்துக்குக் கொண்டுவாருங்கள். பிறகு கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்துங்கள். அலை உடையும் இடம் வந்ததும் அலையோடு சேர்ந்து சாய்வாகக் கரைக்கு வரலாம். நீந்தத் தெம்பில்லை என்றால் மிதந்தபடியே கையை உயர்த்தி ஆட்டுங்கள்.

கேள்வி: ஒருவர் மூழ்கினால் சத்தம் கேட்குமே, ஓடிப்போய்க் குதிக்கலாமா?

பதில்: பெரும்பாலும் சத்தமே கேட்காது. ஒரு சிறுவனைப் பார்த்தேன். தலை பின்னால் சாய்ந்து, வாய் நீர்மட்டத்தில் முங்கி முங்கி எழுந்தது. கைகள் கண்ணுக்குத் தெரியாத ஏணியில் ஏறுவதுபோல் தண்ணீரை அழுத்திக்கொண்டிருந்தன. அவன் அப்பா நாலடி தள்ளி முதுகைக் காட்டியபடி பேசிக்கொண்டிருந்தார். நான் எட்டிப் பிடிக்கும்வரை அவருக்குத் தெரியவே இல்லை. அதனால் பிள்ளைகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பெரியவர் யாராவது தத்தளித்தால் குதிக்காதீர்கள், பயத்தில் உங்களையும் பிடித்து அமுக்கிவிடுவார். கடற்கரையில் காவலுக்கு நிற்கும் உயிர்காப்பாளரைக் கூப்பிடுங்கள். கயிறோ, மூடிய காலி கேனோ, மிதக்கும் எதுவானாலும் எறியுங்கள்.

கேள்வி: கொடிகளுக்கு என்ன அர்த்தம் சார்?

பதில்: மேலே சிவப்பு, கீழே மஞ்சள் உள்ள இரண்டு கொடிகளுக்கு நடுவே காப்பாளர் பார்வை இருக்கும், அங்கே குளியுங்கள். முழுச் சிவப்பு என்றால் இறங்கவே வேண்டாம். கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட கொடி அலைச்சறுக்குப் பலகைக்காரர்களுக்கான பகுதி.

கேள்வி: காயாக் என்கிற சிறு துடுப்புப் படகு, நின்றபடி துடுப்புப் போடும் பலகை, இரண்டும் எனக்கு முதல்முறை. நீச்சல் சுமார்தான்.

பதில்: காற்று தரையிலிருந்து கடலுக்கு அடிக்கிறதா என்று பாருங்கள். அடித்தால் அன்றைக்கு வேண்டாம். கரையோரம் கண்ணாடி மாதிரி இருக்கும், போகும்போது சுகமாகவும் இருக்கும், திரும்பும்போதுதான் கை ஓயும். காற்றடைத்த பலகையும் மிதவையும் இன்னும் சீக்கிரம் அடித்துக்கொண்டு போகும். லைஃப் ஜாக்கெட்டை மாட்டியதும் தோள்பட்டையைப் பிடித்து ஒருவரை மேலே தூக்கச் சொல்லுங்கள். தாடையைத் தாண்டி ஏறினால் அது உங்கள் அளவு இல்லை, தயங்காமல் வேறு கேளுங்கள். கவிழ்ந்தால் படகை விட்டு நீந்தாதீர்கள், பிடித்துக்கொண்டே இருங்கள்.

கேள்வி: ஜெல்லி மீன் பட்டால் சிறுநீர் ஊற்றலாமா?

பதில்: வேண்டாம். தேய்க்கவும் கூடாது. கடல் தண்ணீரால் கழுவி, ஒட்டியிருக்கும் இழைகளை இடுக்கியால் எடுங்கள். பிறகு பொறுக்கும் சூட்டில் வெந்நீர் 20 நிமிடமாவது படட்டும். மூச்சுத்திணறலோ முகவீக்கமோ வந்தால் உடனே ஆஸ்பத்திரி.