கையடக்க கேஸ் அடுப்பு வாங்கலாமா?

கேள்வி: வருஷத்துக்கு இரண்டு தடவை காரில் ஊட்டி போகிறோம். டீ, நூடுல்ஸ் போட கேன் செருகும் சின்ன கேஸ் அடுப்பு வாங்கலாமா?

பதில்: நாலு பேருக்கு என்றால் வாங்கலாம், வீட்டில் சிலிண்டர் தீர்ந்த அன்றும் கைகொடுக்கும். 220 கிராம் கேன் முழுத் தீயில் சுமார் ஒன்றரை மணி நேரம் வரும். குளிரில்தான் சிக்கல். 0 டிகிரியை நெருங்கினால் கேனில் உள்ள பியூட்டேன் வாயு ஆவியாகத் திணறும். கேன் பாதி நிறைந்திருந்தும் தீ சுருங்கிவிடும். மார்கழிப் பயணத்துக்கு, குளிரிலும் ஆவியாகும் புரோப்பேன் வாயு கலந்த கேன் கேளுங்கள்.

கேன் கழுத்திலுள்ள வெட்டு மேல்பக்கம் பார்த்து, அடுப்பின் நாக்கில் உட்கார்ந்த பிறகே லீவரை இறக்குங்கள். அவசரப்பட்டால் கசியும். பெரிய தோசைக்கல் வேண்டாம், அதன் சூடு கேன் மேல் அடிக்கும். டென்ட்டுக்குள் பற்றவைக்கவே கூடாது: எரியும்போது வரக்கூடிய கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு வாசனை கிடையாது.