மானியம் வந்தால் ஊர் வரியை நிறுத்தலாமா? கலை, மரபு நிதி பற்றிக் கேட்டவர்களுக்குப் பதில்

இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டக் கலைக்குழுக்களுக்கு மானிய விண்ணப்பமும் கணக்கும் எழுதிக் கொடுப்பது பல வருஷமாக என் வேலை. வந்த கேள்விகளில் அடிக்கடி கேட்கப்படுபவற்றுக்கு இங்கே பதில்.

பொகவந்தலாவைத் தம்பி: அண்ணே, ரதி மன்மதன் கதையை ஆடும் நம் காமன் கூத்துக்குப் பிரதேச செயலகம் மூலமாக அரசாங்க மானியம் கிடைக்கும் போலிருக்கு. வீட்டுக்கு வீடு வாங்கும் வரியை இந்த வருஷம் விட்டுவிடலாமா?

விடவே விடாதீங்க தம்பி. அந்த மானியம் இந்த வருஷம் வரும், அடுத்த வருஷம் வருமென்று யாரும் எழுதித் தரமாட்டார்கள். வரியை ஒருமுறை நிறுத்திவிட்டால் "அதுதான் கவர்மெண்ட் கொடுக்குதே" என்று சொல்லும் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், மறுபடி ஐம்பது ரூபா வாங்குவது பெரும்பாடு. கம்பம் ஊன்றுவது, பூசை, சாப்பாடு, வேஷச் சாமான் எல்லாம் இதுவரை எந்தக் காசில் நடந்ததோ அதிலேயே நடக்கட்டும். வரிக் காசு இத்தனை வருஷமும் எட்டாத வேலைகளுக்கு மானியத்தைக் கேளுங்கள்: தப்பு மேளத்துக்குத் தோல் மாற்றுவது, ரதி மன்மதன் பாட்டு முழுதும் தெரிந்த வயதான வாத்தியாரை உட்கார வைத்துப் பதிவு செய்வது, பிள்ளைகளுக்கு மூன்று மாதம் பழக்குவது. விண்ணப்பத்தில் இரண்டு நிரல் போட்டு, ஊர்ப் பணத்தை ஒன்றிலும் கேட்கும் பணத்தை மற்றதிலும் எழுதுங்கள். ஊர் தானும் காசு போடுகிறது என்று தெரிந்தால் கலாசார உத்தியோகத்தருக்கும் மேலே பேச ஒரு பிடி இருக்கும்.

மஸ்கெலியாவிலிருந்து ஒருவர்: கூத்துக்கு முன்னால் பணம் கையில் வருமா?

பெரும்பாலும் வராது. அரசாங்கத்தின் நிதி வருஷம் ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை. நம் கூத்து மாசி, பங்குனியில், அதாவது ஒதுக்கீடு இன்னும் பிரதேசத்துக்கு இறங்கி வராத நேரத்தில் வருகிறது. இதை நம்பிக் கடனுக்கு உடை தைத்த ஒரு குழுவுக்கு நான்தான் கணக்கு எழுதினேன். பணம் புரட்டாசியில் வந்தது, தையல்காரருக்கு அதுவரை பதில் சொன்ன தலைவர் பட்ட பாடு இப்போதும் மனதை உறுத்துகிறது. அதனால் கூத்து நாளுக்குக் கேட்காதீர்கள், வருஷ நடுவில் செய்யக்கூடிய பயிற்சிக்கும் பதிவுக்கும் கேளுங்கள். பில்லெல்லாம் நவம்பரில் கொடுத்து முடித்துவிடுங்கள்.

அப்புத்தளை ஆசிரியை: பிரதேச சபை எங்கள் மன்றத்துக்குச் சிறு தொகை தருகிறது. மானியம் கிடைத்ததும் அதை வெட்டிவிடுவார்களோ?

வெட்டுவார்கள் அக்கா, எனக்குத் தெரிந்தே நடந்திருக்கிறது. அப்படி நடந்தால் மானியம் கிடைத்தும் கையில் இருக்கும் தொகை கூடாது. சபையின் அடுத்த வருஷ வரவுசெலவு ஆண்டின் கடைசி மாதங்களில்தான் தயாராகும், அதற்கு முன்பே உங்கள் வட்டார உறுப்பினரைப் பார்த்து இரண்டு பணமும் வேறு வேறு வேலைக்கு என்று தாளில் காட்டுங்கள். முடிந்தால் சபையிடம் ஒரு கடிதமும் வாங்கி விண்ணப்பத்தோடு சேருங்கள்.

நானுஓயாவிலிருந்து: ஒரே பில்லை இரண்டு இடத்தில் காட்டலாமா?

கூடாது. பிடிபட்டால் உங்கள் மன்றத்தோடு நிற்காது, அடுத்துப் போகும் தோட்டத்து விண்ணப்பத்தையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

மடுல்சீமை இளைஞர் மன்றம்: ஆளில்லாத பழைய லயம் ஒன்றைச் சிறு அருங்காட்சியகமாக்க ஆசை. நிதி கேட்கலாமா?

கேளுங்கள், நல்ல ஆசை. கம்பளைப் பக்கம் ஓல்ட் பீக்கொக் தோட்டத்தில் தொழிலாளர் அருங்காட்சியகம் 2007-இலிருந்து இருக்கிறது, முதலில் எல்லோருமாகப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். அப்புறம் நில விஷயம். 1992-இல் தோட்ட நிர்வாகம் தனியார் கம்பெனிகளுக்குப் போனது, நிலம் குத்தகையில் இருக்கிறது. ஆகவே நிர்வாகத்தின் எழுத்து மூல அனுமதி இல்லாமல் ஒரு தகரம்கூட மாற்றாதீர்கள், தோட்டத்து மேனேஜர் துரை வாயால் சரி என்றது போதாது, அவர் மாறிப் போய்விடுவார். இன்னொன்று, மானியம் கூரை போடும், அலமாரி வாங்கும். கரண்ட் பில்லையும், திறந்து மூட வரும் பிள்ளையின் சம்பளத்தையும் மாதாமாதம் அது கட்டாது. அதற்கு மன்றச் சந்தாவில் எவ்வளவு ஒதுக்க முடியும் என்று கூட்டம் போட்டு முடிவெடுத்து, அந்தத் தொகையை எனக்கு அனுப்புங்கள், விண்ணப்பத்தை அதிலிருந்து எழுதத் தொடங்கலாம்.