அப்பா பெயரில் 'எஸ்டேட் கணக்கு' திறக்க முடியுமா?

கேள்வி: அப்பா மூன்று மாதங்களுக்கு முன் பெங்களூரில் காலமானார். உயில் இல்லை. ஒரு வணிக வங்கியில் சேமிப்புக் கணக்கும் வைப்புத்தொகையுமாக ரூ.12.4 லட்சமும், ஒரு கூட்டுறவு வங்கியில் ரூ.6 லட்சமும் இருக்கின்றன. எதிலும் நாமினி இல்லை. சேலம் வீட்டு வாடகை ரூ.14,000 அவர் கணக்கில்தான் விழுந்துகொண்டிருந்தது; இப்போது வங்கி கணக்கை முடக்கிவிட்டது. டிவிடெண்ட் காசோலைகள் அவர் பெயரில் வருகின்றன. கிரெடிட் கார்டு பாக்கியும் உண்டு. வாரிசுகள் அம்மா, நான், அமெரிக்காவில் உள்ள தம்பி. அப்பா எனக்குக் கொடுத்த பவர் பத்திரம் கையில் இருக்கிறது. 'மறைந்த இன்னாரின் எஸ்டேட்' என்று கணக்கு திறந்து எல்லாவற்றையும் நானே நிர்வகிக்கலாமா? சேலத்தில் பாட்டி, அப்பாவின் அம்மா, சித்தப்பாவோடு இருக்கிறார். (வாசகி, அல்சூர்)

பதில்: எஸ்டேட், அதாவது இறந்தவர் விட்டுச்சென்ற சொத்து, என்ற பெயரில் கணக்கு உண்டு, ஆனால் நீங்கள் நினைக்கும் வேலைக்கு அது உதவாது. இறந்தவர் பெயருக்கு இன்னும் வந்துகொண்டிருக்கும் பணத்தை என்ன செய்வது என்பதற்கு ரிசர்வ் வங்கியின் 2005 சுற்றறிக்கை இரண்டு வழி சொன்னது. அனுப்பியவருக்கே 'கணக்குதாரர் காலமானார்' என்று குறித்துத் திருப்பி அனுப்பலாம். அல்லது 'மறைந்த இன்னாரின் எஸ்டேட்' என்ற கணக்கில் வரவு வைக்கலாம், ஆனால் அதிலிருந்து எடுக்கக் கூடாது. அது உண்டியல் மாதிரி. வாடகை சேரும், வீட்டு வரி கட்ட அதிலிருந்து காசோலை போட முடியாது.

போட்டு எடுக்கக்கூடிய எஸ்டேட் கணக்கு வேறு. உயிலில் நியமிக்கப்பட்ட நிறைவேற்றாளரோ, நீதிமன்றம் நியமித்த நிர்வாகியோதான் அதைத் திறக்க முடியும். அவர்களுக்கு எஸ்டேட்டுக்கென்றே தனி பான் அட்டையும் உண்டு. கணக்கின் பெயரா அதிகாரம் தருகிறது? கையில் உள்ள ஆவணம்தான் தருகிறது. உங்களிடம் உள்ள பவர் பத்திரமோ, அப்பா இறந்த நொடியே செத்துவிட்டது. ஒப்பந்தச் சட்டம் 201-வது பிரிவைப் பாருங்கள். இனி அதை எங்கும் நீட்டாதீர்கள். அவர் ஏ.டி.எம். அட்டைக்கும் இதேதான். ஈமச்செலவுக்கென்று ஏற்கெனவே ஏதாவது எடுத்திருந்தால் ரசீதுகளோடு வங்கிக்குக் கொடுக்கும் மனுவிலேயே சொல்லிவிடுங்கள். எஸ்டேட்டிலிருந்து முதலில் கழிய வேண்டியது ஈமச்செலவுதான், ஆகவே நியாயம் உங்கள் பக்கம். மறைத்தால்தான் வம்பு.

இப்போது, நீங்கள் வாரிசுப் பட்டியலில் சேர்க்காமல் போகிறபோக்கில் குறிப்பிட்ட பாட்டிக்கு வருகிறேன். நீங்கள் இந்துக்கள் என்று எடுத்துக்கொண்டு சொல்கிறேன். 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த ஆணின் தாய் முதல் வகுப்பு வாரிசு. தந்தை அப்படியில்லை, தாய் மட்டும்தான். ஆக அப்பாவின் சொந்தச் சம்பாத்தியத்தில் அம்மா, நீங்கள், தம்பி, பாட்டி நால்வருக்கும் கால் கால் பங்கு. பெங்களூரில் நாட கச்சேரியில் (வருவாய்த்துறை அலுவலகம்) வம்ச விருட்சம் (குடும்ப உறுப்பினர் பட்டியல்) வாங்கும்போது ஒரே வீட்டில் இருப்பவர்களை மட்டும் எழுதிக்கொடுத்து, ஊரில் இருக்கும் பாட்டியை விட்டுவிடுவது வழக்கமாக நடக்கும் தவறு. அதை நம்பி வங்கி பணம் கொடுத்த பிறகு சித்தப்பா கேள்வி எழுப்பினால், 'வேறு வாரிசு இல்லை' என்று இண்டெம்னிட்டி பாண்டில் (வங்கிக்கு நஷ்டம் வந்தால் ஈடுகட்டுவோம் என்ற உறுதிப் பத்திரம்) கையெழுத்திட்டவர்கள்தான் மாட்டுவார்கள். பாட்டி காலமாகிவிட்டால் சிக்கல் இன்னும் கூடும். அவர் பங்கில் சித்தப்பா, அத்தை எல்லோரும் வருவார்கள். எனவே அவர் இருக்கும்போதே, கையெழுத்து வராவிட்டால் இரண்டு சாட்சிகளோடு கைரேகையாக, ஒப்புதல் வாங்குங்கள்.

வங்கிப் பணத்துக்கு வழி எளிது. ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் வெளியிட்ட விதிகளின்படி, நாமினி இல்லாவிட்டாலும் வணிக வங்கியில் ரூ.15 லட்சம் வரை எளிய முறையில் தீர்த்துவைக்க வேண்டும். உங்கள் 12.4 லட்சம் அதற்குள் வருகிறது. கோரிக்கைப் படிவம், இறப்புச் சான்று, கோருபவர்களின் அடையாள ஆவணங்கள், அவர்கள் கையெழுத்திட்ட இண்டெம்னிட்டி பாண்டு, பணம் கோராத வாரிசுகளின் ஆட்சேபமில்லாக் கடிதம், தாசில்தார் தரும் வாரிசுச் சான்று அல்லது குடும்பத்தை அறிந்த, இதில் சம்பந்தமில்லாத ஒருவரின் உறுதிமொழி: இவ்வளவுதான். இந்த வரம்புக்குள் வெளியாள் ஜாமீன் கேட்கக் கூடாது. கிளையில் பழக்கத்தில் கேட்டால், எழுத்தில் கேளுங்கள் என்று சொல்லுங்கள். எல்லாக் காகிதமும் சேர்ந்ததிலிருந்து 15 நாளில் தீர்க்க வேண்டும். வங்கியால் தாமதமானால் பேங்க் ரேட்டுக்கு (ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வட்டி விகிதம்) மேல் 4 சதவீதம் சேர்த்து வட்டி தர வேண்டும். அதனால் ஒப்புகைச் சீட்டில் ஒவ்வொரு காகிதத்தின் பெயரும் தேதியும் இருக்கட்டும்.

ஆட்சேபமில்லாக் கடிதத்தில் ஒரு கண் வையுங்கள். வங்கியின் அச்சுப் படிவத்தில் 'எனக்கு எந்த உரிமையும் இல்லை' என்கிற தொனி இருக்கும். பணத்தை உங்கள் கையில் கொடுக்கச் சம்மதிப்பதும், பங்கையே விட்டுக்கொடுப்பதும் ஒன்றல்ல. யாருக்கு எவ்வளவு என்று நால்வரும் தனியாக ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு வையுங்கள்.

கூட்டுறவு வங்கியில் அந்த எளிய முறையின் வரம்பு ரூ.5 லட்சம், உங்கள் தொகை அதைத் தாண்டுகிறது. அங்கே சக்சஷன் சர்டிபிகேட் கேட்க வாய்ப்பு அதிகம். தமிழில் இதையும் தாசில்தார் தரும் காகிதத்தையும் 'வாரிசுச் சான்று' என்றே சொல்வதால், ஒன்றைக் கேட்டால் இன்னொன்றைக் கொண்டுபோய் நிற்கிறோம். இது நீதிமன்றம் தருவது. 1925 இந்திய வாரிசுரிமைச் சட்டம், 372-வது பிரிவு. அப்பா கடைசியாக வசித்தது பெங்களூரு என்பதால் இங்குள்ள சிட்டி சிவில் நீதிமன்றத்தில் மனு போடலாம். இந்தியா முழுக்கச் செல்லும். அப்பாவுக்கு வரவேண்டிய பணத்துக்கும் (வங்கி வைப்பும் இதில் சேரும்), பங்கு போன்ற முதலீட்டுப் பத்திரங்களுக்கும் மட்டுமே. சேலம் வீட்டுக்கு உதவாது. ஆனால் அதற்கு முன், ஒவ்வொரு வைப்பு ரசீதிலும் 'நாமினேஷன் பதிவாகியுள்ளது' என்று இருக்கிறதா என்று எடுத்துப் பாருங்கள். சேமிப்புக் கணக்கில் இல்லையென்றால் வைப்புத்தொகையிலும் இருக்காது என்று அர்த்தமில்லை. நாமினி இருந்தால் தொகை எவ்வளவானாலும் வங்கி அவரிடம் கொடுத்துவிடும். அவர் வாங்கி வைத்திருப்பவர்தான், உரிமையாளர் அல்ல.

வாடகைக்கு, அம்மாவும் நீங்களும் சேர்ந்து புதிதாகச் சாதாரண சேமிப்புக் கணக்கு ஒன்று திறந்து, அதில் இந்தச் சொத்தின் வரவு செலவைத் தவிர எதையும் கலக்காதீர்கள். 'இருவரும் சேர்ந்து இயக்குவது' என்றே வையுங்கள். சிரமம்தான், ஆனால் நாளை கணக்குக் கேட்கும்போது காப்பாற்றும். தம்பியும் பாட்டியும் எழுத்தில் சம்மதித்த பின், குடித்தனக்காரருக்கு நால்வர் கையெழுத்தோடு கடிதம் கொடுங்கள். வாடகை எந்தக் கணக்கில் விழுந்தாலும் வருமான வரிக்கு அவரவர் கால் பங்குதான், அதாவது ஆண்டு ரூ.1,68,000-ல் தலைக்கு ரூ.42,000. அப்பா இறந்த நாள் வரையான வருமானத்துக்கு அவர் பானிலேயே, நீங்கள் சட்டப் பிரதிநிதியாகப் பதிவுசெய்து ரிட்டர்ன் போட வேண்டும்.

டிவிடெண்ட் காசோலைகளை எந்தக் கணக்கிலும் போடாமல் வைத்திருங்கள். பங்குகள் வாரிசுகள் பெயருக்கு மாறிய பின் புதிதாக வாங்கலாம். கார்டு பாக்கியை அப்பாவின் பணத்திலிருந்து கட்டலாம். அதற்கு மேல் உங்கள் கைப்பணத்திலிருந்து கட்டும் கடமை கிடையாது, வசூல்காரர் என்ன சொன்னாலும்.

தம்பியின் காகிதங்கள்தான் அதிகம் இழுக்கும், அதை இன்றே தொடங்குங்கள். அவர் பவர் பத்திரத்தை இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பமிட்டோ, அங்குள்ள நோட்டரியிடம் போட்டு அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்லுபடியாக அந்நாட்டு அரசு தரும் சான்று) வாங்கியோ அனுப்பட்டும். இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் செலுத்த வேண்டும். அவர் பங்கு அவருடைய என்.ஆர்.ஓ. கணக்குக்குத்தான் (வெளிநாட்டில் வாழ்பவர் இந்தியாவில் வரும் பணத்துக்காக வைக்கும் ரூபாய் கணக்கு) போக வேண்டும்.