மொட்டை மாடி ஷீட் ரூம்: கிளாஸ் வூலை நாமே வெட்டிப் பொருத்தலாமா?

கேள்வி: மதுரையில் எங்கள் மொட்டை மாடியில் 12க்கு 10 அடியில் கலர் ஷீட் ரூம் போட்டிருக்கிறோம். பிளஸ் டூ படிக்கும் மகனால் பகலில் உள்ளே உட்காரவே முடியவில்லை. ஷீட்டுக்கும் கீழே அடிக்கப்போகும் பிவிசி பேனலுக்கும் நடுவே 3 அங்குலம்தான் இருக்கிறது. 4 அங்குல கிளாஸ் வூல் (கண்ணாடி இழைப் பஞ்சு) போட்டால்தான் சூடு நிற்கும் என்கிறார் கான்ட்ராக்டர். நானும் கணவருமே போட முடியுமா? கண்ணாடித் தூள் கேன்சர் தரும் என்றும் பயமுறுத்துகிறார்கள்.

பதில்: தாராளமாகப் போடலாம் அம்மா. ஆனால் அந்த 4 அங்குலப் பேச்சைக் காதில் வாங்காதீர்கள். சூட்டைத் தடுப்பது இழைகளுக்குள் சிக்கியிருக்கும் காற்றுதான். 4 அங்குல விரிப்பை 2 அங்குலத்துக்கு அமுக்கினால் காற்று வெளியேறிவிடும். பலனும் ஏறக்குறைய 2 அங்குலத்துக்குத்தான். உங்களுக்கு ஒரு பக்கம் அலுமினிய ஃபாயில் ஒட்டிய 50 மி.மீ. (2 அங்குல) விரிப்பு போதும். மிச்சம் 1 அங்குலத்தை ஷீட்டுக்கும் ஃபாயிலுக்கும் நடுவே காலியாக விடுங்கள். ஷீட்டோடு ஒட்டிக்கிடக்கும் ஃபாயிலால் பிரயோஜனமே இல்லை.

ஃபாயில் மேலே பார்க்கட்டும். அமெரிக்க வீடியோக்களில் அது ரூமைப் பார்த்து இருக்கும். அது குளிர் ஊர்க் கணக்கு. நம் ஊரில் ஈரக்காற்று வெளியிலிருந்து வருகிறது. ராத்திரியில் ஷீட்டின் அடியில் வேர்க்கும் தண்ணீரும் பஞ்சில் இறங்கக் கூடாது.

இனி வெட்டுவது. சட்டங்களுக்கு நடுவே 60 செ.மீ. இருந்தால் துண்டு 61.5 செ.மீ. இருக்க வேண்டும். அந்த ஒன்றரை செ.மீ.தான் துண்டை இறுக்கிப் பிடிக்கும். 1.2 மீட்டர் அகல ரோலை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தால் சரியாக 60தான் வரும், லொடலொடவென்று நிற்கும். அதனால் ரோலின் குறுக்கே 61.5க்கு ஒரு துண்டாக வெட்டி, திருப்பிப் போட்டுப் பொருத்துங்கள். ஃபாயில் அடியில் இருக்கும்படி பலகையில் விரித்து, வெட்டும் கோட்டில் நேரான ரீப்பர் ஒன்றை வைத்து முழங்காலால் அமுக்கி, பிரெட் வெட்டும் பல் கத்தியால் இழுத்து வெட்டுங்கள். கத்தரிக்கோல் பஞ்சைப் பிய்த்துவிடும். ஒயர் பைப் குறுக்கே வந்தால், பாதி ஆழத்துக்குக் கீறி பைப்பை அதற்குள் உட்கார வையுங்கள். சீலிங்கில் எல்இடி லைட் பதித்தால் சுற்றிலும் 3 அங்குலம் விட்டுவிடுங்கள். இணைப்புகளில் அலுமினிய டேப். கீழே ஜிஐ கம்பியைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டிய பிறகு பேனல் அடிக்கலாம்.

அரிக்கும், அது நிஜம். முழுக்கை சட்டை, கையுறை, கண்ணாடி, என்95 மாஸ்க் போடுங்கள். முடிந்ததும் தேய்க்காமல் பச்சைத் தண்ணீரில் கழுவுங்கள்; அந்தத் துணியைத் தனியாகத் துவையுங்கள். கேன்சர் பயம் வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2001லேயே இந்தக் கிளாஸ் வூலைச் சந்தேகப் பட்டியலிலிருந்து இறக்கிவிட்டது.

ஆனால் கூரை கலர் ஷீட்தானா? நீங்கள் அப்படித்தான் எழுதியிருக்கிறீர்கள். இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சாம்பல் நிற சிமென்ட் ஷீட்டாக இருந்தால் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். அதில் ஓட்டை போடாதீர்கள், அறுக்காதீர்கள், உப்புத்தாள் போடாதீர்கள், கம்பி பிரஷ் வைத்துத் தேய்க்காதீர்கள். "ஒரே ஒரு ஸ்க்ரூதானே சார்" என்பார்கள். அந்த ஒரு ஸ்க்ரூவும் வேண்டாம். அந்தத் தூள்தான் நிஜமாகவே கேன்சர் தருவது. ஷீட்டைத் தொடாமல், சுவரிலிருந்து சுவருக்குத் தனிச் சட்டம் கட்டி அதில் பொருத்துங்கள்.

அடுத்தது கடை. 24 டென்சிட்டி கேளுங்கள். ஒரு கன மீட்டர் 24 கிலோ என்று அர்த்தம். 1.2க்கு 15 மீட்டர், 50 மி.மீ. ரோல் என்றால் 0.9 கன மீட்டர், எடை 21.6 கிலோ வர வேண்டும். 12 டென்சிட்டியை உங்கள் தலையில் கட்டினால் 11 கிலோகூடத் தேறாது. எனக்கே ஒரு கடையில் 13 கிலோ ரோலைக் கொடுத்துவிட்டு "வெயிலில் காய்ந்திருக்கும்" என்றார்கள். தராசில் வைக்காமல் காசு கொடுக்காதீர்கள். பில்லில் டென்சிட்டியும் தடிமனும் எழுதச் சொல்லுங்கள். சில பேர் நடுவில் தெர்மாகோலைச் சொருகிவிட்டு, "இரண்டும் ஒன்றுதான்" என்பார்கள். அது தீப்பிடித்தால் உருகி ஒழுகும்.

ஐஎஸ் 8183 என்று இதற்கு இந்தியத் தரநிலை இருக்கிறது. சில்லறைக் கடையில் கேட்டால் உங்களை விசித்திரமாகப் பார்ப்பார்கள். வீட்டுக் கூரை எவ்வளவு சூட்டை விடலாம் என்று 2018ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. அதுவும் 500 சதுர மீட்டர் மனைக்கு மேல்! அவ்வளவு பெரிய மனைக்காரர் ஏன் ஷீட் ரூமில் வேகப்போகிறார்?

உங்கள் கூரை 11 சதுர மீட்டர் சொச்சம், அந்த அளவு ரோல் 18. ஒன்று போதும். இரண்டு வேண்டும் என்று யாராவது சொன்னால் கடையை மாற்றுங்கள்.