கார்சனுக்குக் குரல் கொடுத்த மாமனார்

கேள்வி: என் மகன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். எப்போது பார்த்தாலும் கையில் காமிக்ஸ். டெக்ஸ் வில்லர், லக்கி லுக் என்று எல்லாமே வெளிநாட்டுக் கதை. நான் தமிழ் எம்.ஏ. நல்ல நாடக இலக்கியம் படிக்கட்டுமே என்று மனோன்மணீயம் வாங்கிக் கொடுத்தேன். நாலு பக்கம் தாண்டவில்லை. பின்கட்டில் என் மாமனார் இருக்கிறார். ஒரு காலத்தில் கூத்தில் வேஷம் கட்டியவர், இப்போது கண் சரியாகத் தெரியாது. ராத்திரியில் இவன் அவர் பக்கத்தில் உட்கார்ந்து காமிக்ஸைச் சத்தமாகப் படிப்பான். டெக்ஸின் கூட்டாளி கார்சன் பேச வந்தால் அவர் ‘கார்சனுக்கு இந்தக் குரல்டா’ என்று கத்துவார். அரையாண்டுப் பரீட்சையின்போது பையனை மாடி அறைக்கு மாற்றிவிட்டேன். வீடு இப்போது அமைதியாக இருக்கிறது. அவனை எப்படி நல்ல இலக்கியத்தின் பக்கம் திருப்புவது?
— ஒரு தாய், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: காமிக்ஸ் படிக்கிற பிள்ளைகளைப் பற்றி இந்தப் பகுதிக்கு எத்தனையோ கடிதம் வந்துவிட்டது. படிக்கட்டும், விடுங்கள் என்று ஒரு வரியில் முடித்துவிடுவேன். உங்கள் கடிதத்துக்கு அப்படி முடிக்க எனக்கு மனம் வரவில்லை. வீடு அமைதியாக இருக்கிறது என்று நிம்மதியாக எழுதியிருக்கிறீர்களே, அதுதான் என்னைத் தூக்கிவாரிப்போட்டது.

கண் மங்கிய பெரியவர் ஒருவருக்குப் பேரன் தினமும் ராத்திரி கதை படித்துக் காட்டியிருக்கிறான். யாரும் சொல்லி அவன் செய்யவில்லை. அதை நிறுத்தியிருக்கிறீர்கள். நிறுத்துவதற்கு முன்னால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? மறுநாள் ராத்திரி அவர் என்ன செய்தார்? பரீட்சை முடிந்த பிறகும் பையன் ஏன் மாடியிலேயே இருக்கிறான்? ஒன்றுக்கும் கடிதத்தில் பதில் இல்லை.

அந்தப் பின்கட்டில் என்ன நடந்தது என்று கொஞ்சம் யோசியுங்கள். கண் தெரியாதவருக்குக் காமிக்ஸ் படித்துக் காட்டுவது லேசான வேலை கிடையாது. பலூனுக்குள் இருக்கும் பேச்சை மட்டும் படித்தால் கதை பாதிகூடப் புரியாது. பாறைக்குப் பின்னால் யார் ஒளிந்திருக்கிறான், துப்பாக்கி யார் கையில், குதிரை எந்தப் பக்கம் திரும்புகிறது, எல்லாவற்றையும் பையன் தன் வாயால் சொல்லியாக வேண்டும். டெக்ஸ் மலைமேல் நின்று கீழே எட்டிப் பார்க்கிற ஒரு கட்டம் வரும்; அதில் ஓர் எழுத்தும் இருக்காது. அதைத் தாத்தா மனதில் கொண்டுபோய் நிறுத்த அவன் அந்த நிமிஷமே தமிழில் வாக்கியம் தேட வேண்டும். எந்த டியூஷனில் இதைச் சொல்லிக்கொடுக்கிறார்கள்?

அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் யார்? துணித் திரையை இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, அதன் பின்னால் நின்று தன் பேரையும் பெருமையையும் பாடிவிட்டு, திரை விலகியதும் கூத்தை நடத்திச் செல்லும் கோமாளியான கட்டியங்காரனுக்குப் பதில் சொல்லி, விடிய விடிய மரக்கட்டை அணிகளும் கிரீடமும் சுமந்து ஆடியவர். அவருக்குக் கார்சன் கிடைத்திருக்கிறார். டெக்ஸின் நரைத்த கூட்டாளி, எதற்கெடுத்தாலும் முணுமுணுப்பவர், தட்டு நிறைய இறைச்சியும் வறுத்த உருளைக்கிழங்கும் வந்தால்தான் வாயை மூடுவார். ஒரு கூத்துக்காரருக்கு இந்த வயதில் இதைவிட நல்ல வேஷம் யார் கொடுக்கப் போகிறார்கள்?

மாமனார் என்ன வேஷம் கட்டினார் என்றுகூட நீங்கள் எழுதவில்லை. அர்ச்சுனனா, துரியோதனனா, கட்டியங்காரனேவா? உங்களுக்குத் தெரியுமா? உங்கள் பையனுக்குத் தெரிந்திருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன்.

சரி, வெளிநாட்டுக் கதை விஷயத்துக்கு வருவோம். டெக்ஸ் 1948-ல் இத்தாலியில் பிறந்தவர், லக்கி லுக் பெல்ஜியக்காரர் ஒருவர் வரைந்தது, உண்மைதான். 1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் கொண்டுவந்த முதல் நாயகன் இரும்புக்கை மாயாவியும் பிரிட்டிஷ் சரக்குதான். நீங்கள் வாங்கிக் கொடுத்த மனோன்மணீயம் மட்டும் என்ன? சுந்தரம் பிள்ளை 1891-ல் வெளியிட்ட அந்த நாடகத்தின் கதைக்கரு, லிட்டன் பிரபு ஆங்கிலத்தில் எழுதிய ஒரு கதையிலிருந்து வந்தது. எம்.ஏ.வில் இதைப் படித்திருப்பீர்கள். பம்மல் சம்பந்த முதலியார் ஹாம்லெட்டை அமலாதித்யன் ஆக்கி நம் மேடையில் நடமாட விட்டார். கதை எந்தக் கப்பலில் வந்தால் என்ன, இங்கே இறங்கியதும் நன்றாகத் தமிழ் பேசுகிறதா என்றுதான் நான் பார்ப்பேன்.

மனோன்மணீயத்தின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் அது ஆடுவதைவிடப் படிப்பதற்கென்றே எழுதிய செய்யுள் நாடகம். பதின்மூன்று வயதுப் பையன் கையில் அதைத் திணித்துவிட்டு நாலு பக்கத்தில் நிறுத்திவிட்டான் என்று வருத்தப்படுவது நியாயமா? தினமும் காலையில் பள்ளியில் நின்று அவன் பாடுகிற ‘நீராருங் கடலுடுத்த’ அந்தப் புத்தகத்தின் தொடக்கத்தில்தான் இருக்கிறது. அதையாவது திறந்து காட்டினீர்களா?

இன்னொரு விஷயம். கண் சரியாகத் தெரியாது என்று போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். கண்புரையா, சர்க்கரை நோயால் வந்ததா? யாராவது டாக்டர் பார்த்தாரா? புரைக்கு அரசு மருத்துவமனையில் காசில்லாமல் ஆபரேஷன் செய்கிறார்கள், தலைமை மருத்துவமனை உங்கள் மஞ்சக்குப்பத்திலேயே இருக்கிறது. வயதானவருக்கு வேளைக்குச் சோறு போட்டு மாத்திரை எடுத்துக் கொடுத்தால் கடமை தீர்ந்தது என்று நினைக்கிற வீடுகளை நிறையப் பார்த்துவிட்டேன். என் கணக்கில் பேச்சுத்துணையும் அந்தச் சோற்றோடு சேர்த்தே போட வேண்டியது. பேரன் அதைத் தானாகப் போட்டுக்கொண்டிருந்தான், நீங்கள் தட்டைப் பிடுங்கிவிட்டீர்கள்.

இன்றைக்கே பையனைக் கீழே இறக்குங்கள். வீட்டுப்பாடம் முடிந்ததும் ஒரு மணி நேரம் அவனும் தாத்தாவும் எப்படியோ கத்திக்கொள்ளட்டும். சத்தம் தாங்கவில்லை என்றால் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். அப்புறம் பண்ருட்டிப் பக்கமோ விழுப்புரம் பக்கமோ ஒரு திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து வைக்கும்போது இரண்டு பேரையும் அழைத்துப் போங்கள். முகவீணை என்கிற ஊதுகுழலும் மத்தளமும் கேட்டதுமே அவர் கதையைத் தொடங்கிவிடுவார். யார் எந்தப் பக்கம் வருகிறார் என்று சொல்லும் வேலை அங்கேயும் பேரனுக்குத்தான். கர்ண மோட்சத்தை அப்படி ஒருமுறை பார்த்துவிட்டு வரட்டும், பிறகு அவன் கையில் எந்த நாடகப் புத்தகத்தையும் கொடுத்துப் பாருங்கள். மனோன்மணீயத்தை அதுவரை நீங்கள் எடுத்துக்கொண்டு பின்கட்டில் உட்கார்ந்து மாமனாருக்குச் சத்தமாகப் படிக்கலாம். எம்.ஏ. படித்தது நீங்கள்தானே.

கடிதத்தை இரண்டு முறை புரட்டிவிட்டேன், உங்கள் கணவர் எங்கேயும் அகப்படவில்லை. பின்கட்டில் இருப்பவர் அவரைப் பெற்ற அப்பா. ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிற வேலையைக் கணவரிடம் விடுங்கள். மாடியிலிருந்து பையனின் கட்டிலை இறக்குவதும் அவர் பொறுப்பு.